பின்சக்கரத்தில் ஒரு பொட்டு

உரச்சாக்கை விரித்து, மல்லாந்து படுத்து, கலைமகள் வண்டிக்கு அடியில் போய்விட்டாள். வெளியே தெரிந்தவை இரண்டு பாதங்கள்தான். உள்ளே அவள் கைகள் ஓயவில்லை. ஒன்று மண்ணெண்ணெய்த் துணியால் இரும்பைத் துடைத்தது. மற்றொன்று அளவு நாடாவை இழுத்தது. இடது சக்கரத்திலிருந்து அளந்தாள், வலது சக்கரத்திலிருந்து அளந்தாள், நடுவைக் கண்டுபிடித்தாள். பிறகு நாடாவை வயிற்றின் மேல் போட்டுவிட்டு, நெற்றியில் ஒட்டியிருந்த மெரூன் நிறப் பொட்டை உரித்து, பின் அச்சின் நட்டநடுவில் ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"போச்சு. இன்னைக்கும் மொட்டை நெத்தியா?" என்றாள் கொட்டில் வாசலில் நின்ற அவள் மாமியார் பூவம்மாள்.

"கையில வேற ஒண்ணும் இல்ல அத்தை. இதுதான் நல்லா ஒட்டுது."

"புருஷன் மஸ்கட்டுல குத்துக்கல்லாட்டம் இருக்கான். தெருவுல கேக்கறவளுக்கெல்லாம் நான்ல பதில் சொல்றேன்."

"வண்டிக்கு வெச்சிருக்கான்னு சொல்லுங்க," என்றது அடியிலிருந்து குரல்.

பூவம்மாளுக்கு நெற்றிப் பொட்டில் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. நன்னிலம் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருடம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பொட்டு வைத்தவளுக்கும் வைக்காதவளுக்கும் ஒரே ஊசியைத்தான் போட்டாள். ஆனால் குடவாசலுக்குத் தெற்கே நாலு தெரு உள்ள ஊரில் குடியிருந்துகொண்டு, மருமகளின் பொட்டு ஏன் குளியலறைச் சுவரில் இருக்கிறது என்று விளக்குவது லேசான காரியமில்லை.

ஆம், சுவரிலும் இருக்கிறது. அந்த வீட்டில் பொட்டு இல்லாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பூவம்மாளின் கணவர் பஞ்சநதம் போன சித்திரையில் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக் கொண்டார். தகடு வைத்துத் தைத்து, நாலு கால் வாக்கரோடு வீட்டுக்கு வந்தார். வந்த அன்றே கலைமகள் அவர் கட்டிலுக்கு முன்னால் தரையில் நாலு பொட்டு ஒட்டினாள். வாக்கரின் கால்கள் அதன் மேல் நின்றால்தான் அவர் எழ வேண்டும். குளியலறையில் கைப்பிடி போட வேண்டிய உயரத்துக்கு ஒன்று. நாற்காலிக் கையில், அவர் உள்ளங்கை ஊன்ற வேண்டிய இடத்துக்கு ஒன்று.

"வீட்டுக்கு அம்மை போட்டிருக்கு. வேப்பிலை கட்டுங்கடி," என்றார் பஞ்சநதம்.

அவரை எழுப்பும்போது கலைமகள் கையைப் பிடித்து இழுப்பதில்லை. இடுப்பில் கை கொடுத்து, தன் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, "மாமா, மூக்கு பெருவிரலுக்கு நேரா வரட்டும். அப்பறம் எழுந்திரிங்க," என்பாள். அவரும் குனிந்து, மூக்கை நீட்டி, எழுந்துவிடுவார். பூவம்மாள் இதை அவளுக்குச் சொல்லித் தரவில்லை. முதல் நாள் பார்த்ததும் அடுப்படிக்குப் போய்விட்டாள். குறை சொல்ல எதுவும் இல்லாவிட்டால் பூவம்மாள் இடத்தைக் காலி செய்துவிடுவாள். அவளிடம் வேலை பார்த்த ஆயாக்களுக்கெல்லாம் இது தெரியும்.

கலைமகளுக்கு முப்பத்து நாலு வயது. ஒல்லி, நடை வேகம், நின்றுகொண்டே சாப்பிடுவாள், அதுவும் ஜன்னல் பக்கம் திரும்பி. இடுப்பில் சாவிக்கொத்து இருக்க வேண்டிய இடத்தில் அளவு நாடா. கைபேசியின் முதுகில் பொட்டு அட்டை. அவள் நெற்றியில் பொட்டு இருந்தால் அன்றைக்கு எந்த வேலையும் பாக்கி இல்லை என்று அர்த்தம். இது பூவம்மாள் தானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அப்படிப்பட்ட நாட்கள் தீபாவளி மாதிரி, எப்போதாவதுதான் வரும்.

அவள் வாயில் அதிகம் புழங்கும் சொல் "எங்கேர்ந்து?" என்பது. கல்யாணமாகி வந்த முதல் வாரம் பூவம்மாள், "அரிசிக்கு மேல ரெண்டு விரக்கடை தண்ணி வையி," என்றாள். "கழுவி எடுத்த அரிசி மட்டத்துலேர்ந்தா, ஊறி உப்பின மட்டத்துலேர்ந்தா?" என்று கேட்டாள் மருமகள். கேள்வி கேட்கிறாளே என்று பூவம்மாளுக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் யோசித்துப் பார்த்தாள். தன் பையன் சமைத்தால் சோறு ஏன் ஒரு நாள் குழைந்தும் ஒரு நாள் நறுக்கென்றும் இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. கலைமகளிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறிக்கொள்வாள்.

கடைத்தெரு மூன்று கிலோமீட்டர் என்று யாராவது சொன்னால், "எங்கேர்ந்து மூணு?" பையன் சூர்யபிரகாஷ் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் வந்து, "இன்னும் ரெண்டு மாசத்துல வந்துருவேன்," என்றால், "எங்கேர்ந்து ரெண்டு? போன தடவையும் இதே ரெண்டுதான் சொன்னீங்க." அவன் சிரித்துக்கொண்டே அம்மாவைக் கூப்பிடுவான். பூவம்மாள், "நியாயமாத்தானே கேக்கறா," என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அவள் வேலை என்ன என்று ஊரில் கேட்டால் "கம்ப்யூட்டரு" என்பார்கள். பூவம்மாளுக்கு அதற்கு மேலேயே தெரியும். சென்னைக் கம்பெனி ஒன்று ஆள் உட்காராமல் தானே ஓடும் களை வண்டியைச் செய்கிறது. நெல் வயலில் வரிசைக்கு நடுவே போய், களையை மட்டும் கிளறி மிதித்து, வரப்புக்கு வந்ததும் தானே திரும்பி அடுத்த வரிசையில் நுழைய வேண்டும். அசல் வண்டி சேற்றில் இறங்குமுன், திரையில் அதற்கு ஒரு நகல் செய்து, வயலும் வரப்பும் தண்ணீரும் திரையிலேயே செய்து, ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த நகலைச் செய்பவள் கலைமகள். ஆரம்பத்தில் ஒரு நாள் பஞ்சநதத்தை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போய்த் திரையைக் காட்டினாள். வண்டியை வயலில் வைத்த மறுகணமே அது ஆகாயத்துக்கு எகிறி, இரண்டு கரணம் அடித்து, காணாமல் போனது.

"என்னம்மா, களை எடுக்கச் சொன்னா நிலாவுக்குப் போவுது!" என்றார் பஞ்சநதம்.

"வெங்கி செஞ்ச வேலை மாமா. வண்டியோட புள்ளியை உடம்புக்கு நடுவுல வெச்சுட்டாரு. அந்தப் புள்ளியைத் தரையில வெச்சா பாதி வண்டி மண்ணுக்குள்ள பொதைஞ்சுடும். மண்ணு சும்மா இருக்குமா, எட்டி உதைக்குது."

வெங்கி என்பவன் சென்னையில் அவளோடு வேலை பார்க்கும் பையன். நல்லவன், அவசரக்காரன்.

அந்தப் புள்ளி என்னவென்று பூவம்மாள் ஒரு மத்தியானம் கேட்டாள். இருவரும் சின்ன வெங்காயம் உரித்துக் கொண்டிருந்தார்கள். சக்கரம் எங்கே, எஞ்சின் எங்கே, கத்தி எங்கே என்று கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகக் கேட்குமாம். எல்லாவற்றுக்கும் ஒரே புள்ளியிலிருந்துதான் பதில் சொல்ல வேண்டுமாம். அது எந்தப் புள்ளி என்பதைச் செய்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

"பெட்டிக்கு நடுவுல வெச்சா படத்துல பாக்க அழகா இருக்கும் அத்தை. நாளைக்கே பானட்டை ஒரு சாண் நீட்டினாங்கன்னா நடு மாறிப்பூடும். எடை எங்க நிக்குதோ அங்க வெக்கலாம். டேங்க்ல பெட்ரோல் கொறையக் கொறைய அதுவும் நகரும். ஆனா பின்சக்கரம் ரெண்டுக்கும் நடுவு இருக்கு பாருங்க, வண்டி திரும்பறப்பகூட அது பக்கவாட்டுல நழுவாது. முன்னாடி போவும், பின்னாடி வரும், அவ்வளவுதான். அதுக்கு நேர் கீழ, சக்கரம் தரையில படற மட்டம். அதான் நான் வெக்கிற புள்ளி."

பூவம்மாள் இரண்டு வெங்காயம் உரிக்கும் நேரம் யோசித்தாள்.

"கையில ஊசி போடற மாதிரி," என்றாள். "தோள்பட்டை எலும்பு முனையைத் தொட்டுப் பாக்கணும். அதுலேர்ந்து ரெண்டு மூணு விரல் கீழ. சதையைப் பாத்துக் குத்துமதிப்பா போட்டா குண்டு ஆளுக்கு ஒரு எடம், ஒல்லி ஆளுக்கு ஒரு எடம்னு போயிடும். சதை ஏறும், எறங்கும். எலும்பு அங்கயே நிக்கும்."

கலைமகள் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டாள். "அதேதான் அத்தை! பின் அச்சு எலும்பு. பானட்டு சதை."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தப் புள்ளிக்கு எலும்பு என்றே பெயர் ஆகிவிட்டது.

புரட்டாசியில் அசல் வண்டி லாரியில் வந்து இறங்கியது. டெல்டாச் சேற்றில் ஓட்டிப் பார்க்கக் கம்பெனிக்கு ஒரு வயல் தேவைப்பட்டது; வரிசையாக மெஷின் நடவு போட்ட தங்கள் வயலைத் தருவதாகக் கலைமகள் சொல்லியிருந்தாள். பஞ்சநதம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: நாற்று சாயக் கூடாது. "ஒரு நாத்துகூட சாயாது மாமா," என்று அவள் வாக்குக் கொடுத்தாள். முன்னால் சொன்னபடி சாக்கை விரித்துப் படுத்து, பின் அச்சில் பொட்டு ஒட்டியது அந்த வாரம்தான்.

ஓட்டம் சரியாக வந்தால் கம்பெனி குடவாசலிலேயே ஓர் இடம் எடுத்து, சோதனை வேலையை அவளிடமே விட்டுவிடும். மேலாளர் ப்ரியம்வதா இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தாள். சரியாக வராவிட்டால் வண்டி கோயம்புத்தூருக்குப் போய்விடும். கலைமகளும் போக வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும்.

"வேலையை விடறதுன்னு பேச்சே வேண்டாம். போயிட்டு வா. அவரை நான் பாத்துக்கறேன்," என்றாள் பூவம்மாள். சொல்லும்போது கை தானாக முழங்காலைத் தடவியது. பஞ்சநதம் கனத்த ஆள். அவரை எழுப்பும் போதெல்லாம் அவள் முழங்காலில் கடக்கென்று ஒரு சத்தம் கேட்கும். கலைமகள் அந்தத் தடவலைப் பார்த்தாள். நாடாவை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய்விட்டாள்.

முதல் ஓட்டம் ஐப்பசி பிறந்ததும் நடந்தது. வெங்கியும் இன்னும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். பஞ்சநதத்துக்கு வரப்பில் நாற்காலி போட்டாயிற்று. வண்டி ஒல்லியான இரும்புச் சக்கரங்களோடு வரிசைக்குள் இறங்கி, பூனை மாதிரி போனது. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. வரப்பை ஒட்டி, வண்டி திரும்புவதற்கென்றே நடாமல் விட்ட இடம் இருந்தது. அங்கே போய்த் திரும்ப வேண்டிய வண்டி, அதற்கு முன்னாலேயே, நாற்றின் மேலேயே திரும்பியது. அந்தப் பக்க வரப்பிலும் அப்படியே. ஐந்தாவது வரிசையில் நிறுத்தச் சொன்னார்கள். இரண்டு வரப்போரமும் நாற்று பாய் விரித்தாற்போல் படுத்துக் கிடந்தது.

"ஒரு நாத்துகூடன்னு சொன்னியேம்மா," என்றார் பஞ்சநதம். "கணக்குல ஒரு சைபர் விட்டுட்டியா, ரெண்டு சைபரா?"

சேறுதான் காரணம் என்றான் வெங்கி. சக்கரம் வழுக்குகிறது, வண்டி ஏமாறுகிறது. ப்ரியம்வதாவும் போனில் அதையே சொன்னாள்: டெல்டாச் சேறு இந்த வண்டிக்கு ஒத்து வரவில்லை போலிருக்கிறது, அடுத்த வாரம் நானே வருகிறேன், கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அந்த வாரம் முழுக்கக் கலைமகள் திரையில் சேற்றை மாற்றி மாற்றிப் போட்டாள். கெட்டிச் சேறு, நெகிழ்ந்த சேறு, தண்ணீர் நின்ற சேறு. திரை வண்டி எல்லாவற்றிலும் சமர்த்தாகப் போய், நடாமல் விட்ட இடத்தில் திரும்பியது. ஒரு நாற்றைத் தொடவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று சாப்பிட்டாள். சாப்பிட்டது பாதி, வைத்தது பாதி.

"எனக்கு ஒண்ணு புரியல அத்தை," என்றாள் ஒரு நாள், தட்டைக் கையில் வைத்துக்கொண்டே. "வழுக்கினா ஒரு வரிசையில ஒரு அடி வழுக்கும், இன்னொண்ணுல மூணு அடி வழுக்கும். இது எல்லா வரிசையிலயும் நாலடி. அந்தப் பக்கமும் நாலடி. சேறு இவ்வளவு ஒழுங்கா தப்பு பண்ணாது."

"அப்ப யாரோ மனுஷன்தான் பண்ணியிருக்கான்," என்றாள் பூவம்மாள். "சோத்தை முடி."

ப்ரியம்வதா வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கலைமகள் மறுபடி சாக்கை விரித்தாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்துவிடுவது என்று முடிவு. பூவம்மாள் காபியோடு கொட்டிலுக்கு வந்தபோது பாதங்கள் அசையாமல் கிடந்தன.

"அத்தை, இங்க ஒரு பொட்டு ஒட்டியிருந்தேனே. பசை மட்டும்தான் இருக்கு. எங்க அது?"

"ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவினேனே, அப்ப தேய்ச்சிருப்பேன். அடியெல்லாம் ஒரே மண்ணு. டாக்டர்கிட்ட காட்ட அவரை நீ தஞ்சாவூர் அழைச்சுக்கிட்டுப் போனல்ல, அன்னைக்குத்தான் எனக்கு ஒழிஞ்சுது. சோப்பு போட்டு, வைக்கோலால தேய்ச்சு, பளபளன்னு பண்ணி வெச்சேன்."

பாதங்கள் வெளியே நகர்ந்தன. முழங்கால், இடுப்பு, கடைசியில் முகம். முகத்தில் கிரீஸ்.

"கழுவிட்டு?"

"கழுவிட்டு என்ன. சந்தனம் கொழைச்சு, குங்குமம் வெச்சேன். மூஞ்சிக்கு. புதுசா வந்த வண்டி, பூசையன்னைக்கு மொட்டையா நிக்கலாமா? உன்னை மாதிரியா?"

வண்டியின் முகத்தில், பானட்டின் நடுவில், அது இன்னும் இருந்தது. ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவப்பு. சுற்றி மஞ்சளாகக் காய்ந்த சந்தனம். கலைமகள் அதைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். கைபேசியை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, வெங்கியைக் கூப்பிட்டாள்.

"வெங்கி, நான் தஞ்சாவூர் போயிருந்த அன்னைக்கு நீங்க வந்து ரிசீவர் மாட்டினீங்கல்ல? அது எங்க இருக்குன்னு எதுலேர்ந்து அளந்தீங்க?"

ரிசீவர் என்பது பானட்டுக்குப் பின்னால் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் வட்டத் தட்டு. ஆகாயத்தைப் பார்த்து, வயலில் தான் எங்கே நிற்கிறோம் என்று வண்டிக்குச் சொல்வது அதுதான்.

"நீங்கதானே போன்ல சொன்னீங்க கலை, பொட்டு வெச்சிருக்கேன், அதுலேர்ந்து அளங்கன்னு. பொட்டுக்குப் பின்னாடி ஒன்றரை அடி. அப்படியே போட்டேன்."

"எந்தப் பொட்டு?"

"வண்டிக்கு ஒரு பொட்டுதானே இருந்துச்சு? முன்னாடி. சிவப்பா, பெருசா. சுத்தி சந்தனம் வேற. ஊர்ப்பக்கம் வேலையை எவ்வளவு பக்தியா பண்றாங்கன்னு நான்கூட போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்."

கலைமகள் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பூவம்மாள் குனிந்து பார்த்தாள். சிரிப்பு. கண்ணில் நீர் வழிய, கிரீஸ் முகத்தோடு, சத்தமே வராத சிரிப்பு.

"அத்தை, நாடாவைப் பிடிங்க. உங்க பொட்டுல வையுங்க."

பூவம்மாள் நாடாவின் நுனியைக் குங்குமத்தின் மேல் பிடித்தாள். மறுமுனையோடு கலைமகள் அடியில் போனாள். உள்ளேயிருந்து குரல் வந்தது: "நாலடி ரெண்டு இன்ச்."

விளக்க வேண்டியிருக்கவில்லை, பூவம்மாளுக்கே புரிந்துவிட்டது. எலும்பிலிருந்து பார்த்தால் தட்டு முன்னால் இருக்கிறது. சதையிலிருந்து பார்த்தால் பின்னால் இருக்கிறது. பின்னால் என்று சொல்லிவிட்டார்கள். வண்டி, பாவம், தான் நிற்கும் இடத்துக்கு நாலடி முன்னால் நிற்பதாக நினைத்துக் கொண்டது. வரப்போரம் வந்துவிட்டோம் என்று நாற்றின் மேலேயே திரும்பியது. திரையில் ஓடிய நகலிலோ தட்டும் அந்தத் தப்பு அளவின்படி பின்னாலேயே இருந்தது. அதனால் அதற்கு ஒரு குழப்பமும் இல்லை.

"நான் பொட்டு வெச்சது தப்பில்ல," என்றாள் பூவம்மாள், நாடாவைச் சுருட்டியபடி. "உன் ஆளு கும்புட்டுட்டுப் போயிருக்கணும். அதுல அளந்தது அவன் தப்பு."

போனில் வெங்கி, "சாரி ஆன்ட்டி," என்றான்.

"சாரியெல்லாம் வேண்டாம் தம்பி. இனிமே எலும்பைப் பாத்து அள."

செய்தி பஞ்சநதத்துக்குப் போனது. "ஒரு பொட்டுக்கு நாலடி நாத்து," என்றார் அவர். "நல்லவேளை, பூவம்மா நாலு பக்கமும் வெக்கல. வயலே போயிருக்கும்."

கலைமகள் கணினி முன் உட்கார்ந்தாள். திரை வண்டியில் தட்டைச் சரியான இடத்தில் வைத்தாள். ஆனால் வண்டியின் மூளைக்கு வேண்டுமென்றே வெங்கியின் தப்பு அளவையே கொடுத்தாள். ஓட்டினாள். இத்தனை நாள் சமர்த்தாக இருந்த திரை வண்டி முதல் முறையாக நாற்றை மிதித்தது. நாலடி. கலைமகள் கை தட்டினாள். பிறகு அந்த ஓர் அளவை மாற்றி, மறுபடி ஓட்டினாள். நாற்று நின்றது. அசல் வண்டிக்கும் அதே அளவை ஏற்றிவிட்டு, அடுப்படிக்கு வந்து, மிச்சமிருந்த உப்புமாவை வாணலியிலிருந்தே வழித்துச் சாப்பிட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பித்தான்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. தஞ்சாவூரிலிருந்து காரில் வந்த ப்ரியம்வதா, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வரப்பில் நின்றாள். உயரமான பெண், அதிகம் பேசுகிற ரகம் இல்லை. முந்தின வாரம் மிதிபட்ட வயலுக்குப் பக்கத்து வயல். பஞ்சநதத்தின் நாற்காலியும் வந்தாயிற்று. கலைமகள் விடியற்காலையிலேயே பின் அச்சில் புதுப் பொட்டு ஒட்டியிருந்தாள். நெற்றி வழக்கம் போல் காலி.

பூவம்மாள் தட்டோடு வந்தாள். எலுமிச்சம்பழம், கற்பூரம், சந்தனம், குங்குமம்.

"அத்தை," என்று ஆரம்பித்தாள் கலைமகள். "முன்னாடி மட்டும்..."

"தெரியும். நகரு."

வண்டியின் முகத்திலிருந்த பழைய குங்குமத்தை ஈரத் துணியால் சுத்தமாகத் துடைத்தாள் பூவம்மாள். பிறகு களத்து மேட்டில், எல்லோரும் பார்த்திருக்க, உரச்சாக்கை உதறி விரித்தாள். புடவையைக் கணுக்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அறுபத்தாறு வயதில், மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் போனாள்.

"எங்கம்மா அந்த எலும்பு?" என்று குரல் வந்தது. "இருட்டா இருக்கு. டார்ச் அடி."

கலைமகள் குந்தி உட்கார்ந்து கைபேசி வெளிச்சத்தைக் காட்டினாள்.

"என்ன பண்றாங்க?" என்றாள் ப்ரியம்வதா.

"காலிபரேஷன் மேடம்," என்றாள் கலைமகள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

ஒட்டுப் பொட்டைத் தொடாமல், அதற்கு ஒரு விரல் தள்ளி, பூவம்மாள் சந்தனத்தையும் குங்குமத்தையும் வைத்துவிட்டு வெளியே நகர்ந்தாள். உட்கார்ந்தாயிற்று, எழ முடியவில்லை. முழங்கால் கடக்கென்றது. கலைமகள் எதிரே வந்து, இடுப்பில் கை கொடுத்து, முழங்காலுக்கு முட்டுக் கொடுத்தாள்.

"மூக்கு பெருவிரலுக்கு நேரா அத்தை."

"எனக்கே சொல்லித் தரியா," என்றாள் பூவம்மாள். மூக்கை நீட்டினாள். எழுந்துவிட்டாள்.

எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி இறங்கியது. வரிசைக்குள் நுழைந்தது. தண்ணீரில் சின்ன அலை எழுந்து நாற்றின் காலை நனைத்தது. போன வாரம் திரும்பிய தூரம் வந்தது. பஞ்சநதம் நாற்காலிக் கையை, பொட்டு ஒட்டிய இடத்தில், இறுக்கிப் பிடித்தார். வண்டி அந்த இடத்தைத் தாண்டிப் போனது. முன்சக்கரம் வெற்றுச் சேற்றில் இறங்கியது. இன்னும் போனது. பின்சக்கரமும் நாற்றைக் கடந்து வெற்றுச் சேற்றுக்கு வந்த பிறகுதான், மூக்கைத் திருப்பி, அடுத்த வரிசைக்கு வழி பார்த்தது. கடைசிக் குத்து நாற்று ஒரு தடவை ஆடிவிட்டு நிமிர்ந்து நின்றது.

இரண்டாவது வரிசை. மூன்றாவது. அந்தப் பக்கம், இந்தப் பக்கம்.

"நாத்துக்கு வலிக்காம திரும்புது," என்றார் பஞ்சநதம். "நம்ம ஆளுங்ககூட இப்படி இறங்க மாட்டாங்க."

ப்ரியம்வதா சேற்றில் இறங்கி, வரப்போரம் முழுக்க நடந்து, குனிந்து குனிந்து பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். "கோயம்புத்தூர்ல பாத்த எடம் வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றாள் யாரிடமோ. "குடவாசல்ல பாருங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல."

"எங்கேர்ந்து பக்கத்துல?" என்றாள் கலைமகள்.

பூவம்மாள் புடவையில் ஒட்டியிருந்த சாக்குத் தூசியைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். கலைமகள் வயலை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கைபேசியைத் திருப்பி, அட்டையில் மிச்சமிருந்த ஒரே பொட்டை உரித்தாள். கண்ணாடி தேடவில்லை. இடது கை ஆள்காட்டி விரலால் மூக்குத்தண்டு நெற்றியைச் சேரும் இடத்து எலும்பைத் தொட்டுப் பார்த்து, அதற்கு ஒரு விரல் மேலே ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள்.